ஒரே பாட்டில் ஓலைத்தூள், இரண்டு ரீடிங்: தப்பு அரைப்பதில்தானா?

சாய்ந்தகோபுரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து லேப்பில் உதவியாளராக இருக்கிறேன், டிப்ளமா முடித்து மூன்று வருடம் ஆகிறது, பகுதி நேரமாக மேலே படித்துக்கொண்டும் இருக்கிறேன். கேள்வி இரண்டு. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுகிற மாதிரி எனக்குத் தோன்றுவதால் ஒரே பதிவில் போடுகிறேன்.

முதலாவது ஓலை. வழக்கம்போல குருத்துப் பக்கமிருந்து எண்ணி 17-வது மட்டையின் நடுப்பகுதியிலிருந்து ஓலை எடுத்து, ஈர்க்கை உரித்துவிட்டு, துடைத்து, ஓவனில் காயவைத்து, மில்லில் போட்டு 1 மில்லிமீட்டர் சல்லடை வழியாக அரைத்து பாட்டிலில் போட்டு வைக்கிறோம். அதிலிருந்து கால் கிராம் எடுத்து கெல்டால் முறையில் (அமிலத்தில் காய்ச்சி டைட்ரேஷன் செய்வது) நைட்ரஜன் பார்க்கிறேன். போன வாரம் ஒரே பாட்டிலில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். ஒன்று 2.38 சதவீதம், இன்னொன்று 2.61. உரம் போடும் முடிவே இரண்டரையை ஒட்டித்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் ஒரு முடிவு இந்தப் பக்கம் ஒரு முடிவு வந்தால் நான் எதை எழுதி மேலே அனுப்புவது? அமிலம், டைட்ரேஷன், தராசு எல்லாம் சரிபார்த்துவிட்டேன். ஸ்டாண்டர்ட் போட்டால் சரியாக வருகிறது. ஓலைத்தூளில்தான் ஆடுகிறது. அப்புறம் மில்லில் சில நாள் லேசாகக் கருகல் வாசமும் வருகிறது.

இரண்டாவது கானோடெர்மா, மரத்தின் அடித்தண்டை அழுகவைக்கிற காளான். எங்கள் பக்கத்தில் முன்பு தென்னை இருந்த இடத்தில் செம்பனை நட்ட பிளாக்குகள் நிறைய, அங்கே அடித்தண்டு அழுகல் அதிகம். அழுகிய தண்டிலிருந்து சில்லு எடுத்து டிஎன்ஏ பிரித்து பிசிஆர் (டிஎன்ஏயில் வேண்டிய துண்டை மட்டும் பல மடங்கு பெருக்குவது) செய்ய வேண்டும், இது என் படிப்புக்கான வேலை. பீங்கான் கல்வத்தில் போட்டு இடித்தால் ஒரு நிமிடத்தில் கோப்பி நிறமாகிவிடுகிறது. கடைசியில் கிடைப்பது பழுப்பாக, ஜவ்வு மாதிரி. டிஎன்ஏயை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே தீற்றல், பிசிஆரில் பட்டையே இல்லை. லிக்விட் நைட்ரஜன் போட்டு இடி என்கிறார்கள். ஈப்போவில் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன், என் காரிலேயே கொண்டு வந்துவிடலாமா?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

---

லங்காப் அக்கா எழுதியது:

தங்கச்சி, உன் பதிவைப் படிக்கும்போதே எனக்கு ஓலைத்தூள் வாசம் வந்துவிட்டது. 26 வருடம் சாம்பிள் ரூமில் இருந்தேன். டிஎன்ஏ எனக்குத் தெரியாது, ஓலை தெரியும்.

முதலில் ஒன்று சொல். அரைத்து முடித்து மில்லைத் திறக்கும்போது சல்லடையின் உள்பக்கம் பஞ்சு மாதிரி திப்பி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை என்ன செய்கிறாய்? பிரஷ்ஷால் தட்டிக் குப்பையில் போடுகிறாய் என்றால் பாதிக் காரணம் அதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அப்படித்தான் காட்டிக் கொடுத்தார்கள், நானும் பல வருடம் அப்படியே செய்தேன்.

வீட்டில் மாவு இடித்துச் சலிக்கும்போது சல்லடையில் தங்குகிற கப்பியை யாரும் கொட்டுவதில்லை, திரும்ப உரலில் போட்டு இடிப்பார்கள். ஓலையும் அப்படித்தான். பச்சையாக மெதுவாக இருக்கிற பாகம் முதலில் நொறுங்கிக் கீழே இறங்கிவிடும், நைட்ரஜன் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. நரம்பும் நாரும் கடைசி வரை நின்று அடம் பிடிக்கும், அதில் நைட்ரஜன் குறைவு. திப்பியைக் கொட்டினால் மரம் உண்மையில் இருப்பதைவிடக் கொழுத்த மாதிரி ரீடிங் காட்டும். அதைப் பார்த்து உரத்தைக் குறைத்தால் நஷ்டம் மரத்துக்கு. அதனால் கடைசித் துணுக்கு வரை சல்லடை வழியாக இறங்கியே ஆக வேண்டும். இறங்காததைக் கத்தரியால் பொடியாக வெட்டியாவது திரும்ப மில்லில் போடு.

அடுத்தது பாட்டில். நீ பாட்டிலைத் திறந்து மேலாக ஸ்பூனை விட்டு எடுக்கிறாய் என்று நினைக்கிறேன். அலமாரியில் வைத்து எடுத்து, தட்டி, நகர்த்தி வருவதற்குள் நைசான தூள் அடியில் போய்விடும், நார் மேலே மிதந்து நிற்கும். மேலே எடுத்தால் ஒரு ரீடிங், பாதி காலியான பின் அடியில் எடுத்தால் இன்னொரு ரீடிங். குலுக்கினால் கலந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், குலுக்கினால் இன்னும் பிரியும். பாட்டில் முழுவதையும் சுத்தமான வழவழப்பான தாளில் கொட்டு. தாளின் ஒரு மூலையைப் பிடித்து எதிர் மூலைக்குப் புரட்டு, அப்புறம் அடுத்த மூலை, இப்படி இருபது தடவை. பிறகு பரப்பி, சின்ன ஸ்பூனால் ஏழெட்டு இடத்தில் அடி வரை தொட்டுத் துளித்துளியாக எடுத்துக் கால் கிராம் சேர். ஒரே அள்ளாக அள்ளாதே.

கருகல் வாசம் ஈரத்தால் வருகிறது. ஓவனிலிருந்து எடுத்த ஓலையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்துப் பார். பட்டென்று சத்தம் வர வேண்டும். சத்தமில்லாமல் வளைந்தால் திரும்ப உள்ளே போ என்று அர்த்தம். நம் ஊர் ஈரத்துக்கு, காலையில் ஓவனைவிட்டு வெளியே எடுத்து மேசையில் வைத்த ஓலை மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். துவண்ட ஓலையைக் கத்தி வெட்டாது, சுற்றிக்கொண்டு தேய்க்கும், தேய்த்தால் சூடு, சூட்டில் கருகும். கருகிய தூளை எழுதி அனுப்பாதே, கொட்டிவிட்டு மிச்சம் வைத்திருக்கிற ஓலையிலிருந்து மறுபடி ஆரம்பி. மிச்சம் வைக்கும் வழக்கம் இல்லையென்றால் இன்றிலிருந்து வை.

அப்புறம், அரைத்த தூளும் காற்றில் ஈரம் இழுக்கும். எடை போடும் முன் ஓவனில் கொஞ்ச நேரம் வைத்து, ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடியில் ஆறவிட்டு எடை போடு.

ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மில்லை பிரஷ் போட்டுத் துடை, பிறகு அடுத்த சாம்பிளிலேயே ஒரு கைப்பிடி அரைத்து அதைக் கொட்டிவிடு. அதற்குப் பிறகு வருவதுதான் அந்தப் பிளாக்கின் தூள்.

---

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் செம்பனை ஆலை லேப்பில் இருக்கிறேன், தூளைவிட விழுது அதிகம் பார்ப்பவன்.

தமிழில் நமக்கு இடிப்பது வேறு, அரைப்பது வேறு, நறுக்குவது வேறு, துருவுவது வேறு. லேப் மெஷின்களும் அப்படித்தான் பிரிகின்றன, பெயர்தான் எல்லாவற்றுக்கும் மில். மொறுமொறுவென்று உடைகிறது என்றால் இடிக்கிற மெஷின், அதாவது உருண்டை போட்டுக் குலுக்குவது. நாராக இழுக்கிறது என்றால் கத்தி வைத்து நறுக்குகிற மெஷின். ஓலைக்கு முதலில் கத்தி மில், இன்னும் நைசாக வேண்டுமென்றால் அதற்கப்புறம் உருண்டை மில். உருண்டை மில்லில் நேராக ஓலையைப் போட்டால் நார் அப்படியே தட்டையாகி நிற்கும், மணிக்கணக்கில் ஓடினாலும்.

எங்களுக்கு வருவது 20 கிலோ குலை. அதில் எண்ணெய் எவ்வளவு என்று சொல்ல கடைசியில் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் சாக்ஸ்லெட் கருவியில் போவது சில கிராம் சதை. குலையிலிருந்து கிளை, கிளையிலிருந்து பழம், பழத்திலிருந்து சதை, சதையிலிருந்து விழுது என்று ஒவ்வொரு படியிலும் பிரித்து எடுக்கும்போது தப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கனிமச் சுரங்கத்துக்காக பியர் ஜீ என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே துல்லியத்துக்கு எடுக்க வேண்டிய எடை எட்டில் ஒரு பங்காகக் குறையும், ஏனென்றால் எடுக்க வேண்டிய எடை விட்டத்தின் மூன்றாம் படியோடு ஏறுகிறது. உங்கள் விஷயத்துக்குத் திருப்பிப் போட்டால், 1 மில்லிமீட்டர் தூளிலிருந்து கால் கிராம் எடுப்பது கொஞ்சம் இறுக்கம். ஒன்று இரட்டிப்பாக எடை எடுங்கள், அல்லது அரை மில்லிமீட்டர் சல்லடைக்கு மாறுங்கள். எல்லாம் ஒரே அளவில் நொறுங்கினால் பாட்டிலில் பிரிவதும் குறையும்.

இன்னொன்று, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில் வருவது. எங்கள் ராம்பில் (குலைகளை இறக்கும் மேடை) அடிபட்ட பழம் என்றால் எல்லோருக்கும் பயம். பழத்தைக் கீழே போட்டு நசுக்கினால் செல் உடைகிறது, உள்ளே தனியாக இருந்த லிப்பேஸ் என்சைம் எண்ணெயைத் தொட்டுவிடுகிறது, அந்த நிமிடத்திலிருந்து கொழுப்பமிலம் ஏறுகிறது. வேக வைத்து என்சைமைக் கொன்றால்தான் நிற்கும். உங்கள் தண்டுச் சில்லு கோப்பி நிறமாவதும் இதே மாதிரி ஒரு கதைதான் என்று நினைக்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

நூலிழை எழுதியது:

ஆமாம், அதே கதைதான், ராத்திரி ஷிப்ட் அண்ணன் பாதி வேலையை எனக்கு முடித்துக் கொடுத்துவிட்டார். நான் பாகான் டத்தோ பக்கம் பிறந்தவள், இப்போது சிலாங்கூரில் தாவர நோய் ஆராய்ச்சி. தென்னைக்குப் பிறகு செம்பனை நட்ட நிலத்தில்தான் என் தாத்தா வேலை செய்தார், அதனால் இந்த நோய் எனக்கு வெறும் பாடம் இல்லை.

செடியின் செல்லுக்குள் பீனால்கள் ஒரு பையில் இருக்கின்றன, அதை ஆக்சிஜனோடு சேர்த்து வைக்கிற என்சைம் வேறொரு இடத்தில் இருக்கிறது. நீங்கள் கல்வத்தில் ஒரு குத்து குத்தியதும் இரண்டும் சந்தித்துவிடுகின்றன. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதேதான். பழுப்பானது போய் டிஎன்ஏயில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பிறகு எத்தனை முறை கழுவினாலும் விடாது, பிசிஆர் என்சைமையும் நிறுத்திவிடும். ஜவ்வு என்று சொன்னீர்களே, அது சர்க்கரைச் சங்கிலிகள்.

எனவே சில்லு உடைகிற நேரத்தில் என்சைம் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். லிக்விட் நைட்ரஜன் அதற்குத்தான், மைனஸ் 196 டிகிரியில் எந்த என்சைமும் அசையாது. கூடவே நார் எல்லாம் கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பாகிவிடும், இழுபடாமல் உடையும். செய்யும் விதம் முக்கியம். கல்வத்தையும் குழவியையும் முதல் நாளே ஃப்ரீசரில் வையுங்கள், இல்லாவிட்டால் நைட்ரஜனை ஊற்றியதும் பீங்கான் விரிசல் விடலாம். கொஞ்சமாக ஊற்றி, கொதித்து அடங்கவிட்டு, சில்லைப் போட்டு முதலில் குத்துங்கள், பிறகு வட்டமாகத் தேயுங்கள். நைட்ரஜன் வற்றும் முன் மறுபடி ஊற்றுங்கள். கோதுமை மாவு மாதிரி வந்ததும், அது உலர்ந்து புகைந்துகொண்டிருக்கும்போதே, குளிர வைத்த ஸ்பேட்டுலாவால் அள்ளி, 65 டிகிரியில் தயாராக நிற்கிற சிடிஏபி பஃபருக்குள் (டிஎன்ஏயைப் பிரிக்கும் கரைசல்) நேராகப் போட வேண்டும். நடுவில் ஒரு போன் வந்தால்கூடப் போச்சு. தூள் ஈர மணல் மாதிரிக் கட்டிக்கொண்டால் உருகிவிட்டது என்று அர்த்தம், அந்த அரை நிமிடத்தில் பழுப்பு ஆரம்பித்துவிடும். பஃபரில் பிவிபி சேருங்கள், பீனாலை அது பிடித்துக்கொள்ளும். பழுப்பாவதைத் தடுக்கிற மெர்காப்டோ எத்தனாலை வேலைக்குச் சற்று முன், புகைக் கூண்டுக்குள் வைத்துச் சேருங்கள். ஜவ்வு போக, கடைசிப் படிவுக்கு முன் உப்பைக் கூட்டிப் பாருங்கள்.

இப்போது கார். தயவுசெய்து காரில் கொண்டு வராதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஒரு லிட்டர் லிக்விட் நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. நிறமில்லை, மணமில்லை, ஜன்னல் மூடிய காருக்குள் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அது நிற்கும், தலைசுற்றும் முன்பே நினைவு போய்விடலாம். லிஃப்டிலும் அதோடு ஆள் ஏறக் கூடாது. வாயு விற்பவர்களிடமே கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். பாத்திரத்தை ஒருபோதும் இறுக்கி மூடாதீர்கள், அதற்கென்று வருகிற தளர்ந்த மூடிதான். சின்ன டியூபில் சாம்பிளோடு திரவம் சிக்கியிருக்கும்போது மூடியைத் திருகிவிட்டால் சூடானதும் வெடிக்கும். என் கண்ணெதிரே ஒரு டியூப் மூடி கூரை வரை போனது, அன்று எல்லோரும் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. தளர்ந்த கையுறை, முகமூடிக் கண்ணாடி, மூடிய காலணி, திறந்த ஜன்னல்.

சரி, நைட்ரஜன் கிடைக்கவே இல்லை என்றால்? எஸ்டேட் லேப்புக்கு நான் சொல்வது இன்னும் எளிது. தண்டுச் சில்லை விட்டுவிட்டு காளானை வளருங்கள். மரத்தடியில் கானோடெர்மா குடை இருந்தால் அதன் உள்சதையில் துளி எடுத்து, தேர்வு ஊடகத்தில் (மற்ற கிருமிகளை அடக்கி இந்தக் காளானை வளரவிடுவது) போட்டுச் சுத்தமாகப் பிரித்து, திரவத்தில் வளர்த்து, வடிகட்டிப் பிழிந்தால் வெள்ளையான நூல் மெத்தை கிடைக்கும். மரத்தின் பீனால் தொல்லை பெருமளவு போய்விடும். ஆனால் காளானின் செல் சுவர் கைட்டினும் குளூக்கனும், லேசில் உடையாது. அதைப் பொடி மணிகள் (சின்னச் சின்ன உருண்டைகள்) போட்டுக் குலுக்கும் மெஷினில் உடைக்கலாம். மணியின் அளவைப் பாருங்கள். பாக்டீரியாவுக்கு 0.1 மில்லிமீட்டர், காளானுக்கும் ஈஸ்ட்டுக்கும் 0.5, திசுத் துண்டுக்கு 3 மில்லிமீட்டரை ஒட்டிய உருண்டை. நான் காளானுக்கு 0.5 மணியோடு பெரிய உருண்டை இரண்டு சேர்த்துப் போடுவேன். 30 விநாடி குலுக்கல், ஒரு நிமிடம் பனிக்கட்டி, மறுபடி 30. நிறுத்தாமல் ஐந்து நிமிடம் குலுக்கினால் டியூப் சுடும், டிஎன்ஏயும் துண்டு துண்டாகிவிடும்.

ஜெல்லில் தீற்றல் என்று பயந்திருக்கிறீர்கள். உங்கள் பிசிஆருக்கு வேண்டிய துண்டு சில நூறு எழுத்து நீளம்தானே, அறுந்த டிஎன்ஏகூட அதற்குப் போதும். டிஎன்ஏ எழுத்துகளை நீள நீளமாகப் படிக்கிற சீக்வென்சிங்குக்குத்தான் அறுபடாமல் வேண்டும், அதற்குக் குலுக்கவே கூடாது, பிப்பெட் நுனியைக்கூட வெட்டி அகலமாக்கி எடுப்போம். அதற்கு நேர்மாறாக, சிறு துண்டு படிக்கிற சீக்வென்சிங்குக்கு நல்ல டிஎன்ஏயை நாங்களே ஒலி அலையால் உடைக்கிறோம். எதற்காக உடைக்கிறோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு உடைப்பது என்பது தெரியும். இப்போது கையில் இருக்கிற பழுப்பு டிஎன்ஏயைக் கொட்டாதீர்கள், தண்ணீர் விட்டுப் பத்து மடங்கு நீர்த்து, திரும்ப பிசிஆர் போட்டுப் பாருங்கள். தடுக்கிற பொருளும் பத்து மடங்கு குறையும், பல சமயம் பட்டை வந்துவிடும்.

---

கரும்பலகை எழுதியது:

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நான். இதையெல்லாம் படிக்கப் படிக்க என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையாக இருக்கிறது. வாழைப்பழத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையால் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்து வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்த ஆல்கஹாலை ஓரமாக ஊற்றினால் வெள்ளை நூலாக மேலே வருவதை மட்டும் செய்திருக்கிறோம். பிளெண்டரில் அடிக்கலாமா என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள், எனக்குச் சட்டென்று பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வியால் ஒன்று படித்தேன். 1952-இல் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்துச் செய்த சோதனையில் சமையலறை பிளெண்டரைத்தான் பயன்படுத்தினார்களாம். பாக்டீரியா உடையாமல், வெளியே ஒட்டியிருந்த வைரஸ் கூடு மட்டும் கழன்று போகிற அளவுக்கு அடித்தார்கள். உள்ளே போயிருந்தது டிஎன்ஏ, வெளியே நின்றது புரதம், பாரம்பரியப் பொருள் டிஎன்ஏதான் என்பதற்கு அது பெரிய சான்று ஆனது. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை.

நூலிழை எழுதியது:

சார், பிளெண்டரில் அடிக்கலாம், சில விநாடி மட்டும். ரொம்ப அடித்தால் நூல் நூலாக வராது, பஞ்சுத் துகள் மாதிரி வரும். ஒரு குழு பிசையட்டும், ஒரு குழு பத்து விநாடி அடிக்கட்டும், ஒரு குழு மூன்று நிமிடம் அடிக்கட்டும். குச்சியில் சுற்றி எடுக்க முடிகிறதா என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். அந்தப் பெண் பிள்ளைக்கு என் அன்பு.

---

களிமண் எழுதியது:

தாமதமாக வருகிறேன். மண் ஆளாக ஒன்று எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர் பக்கம் தாழ்நிலமும் கரிமண்ணும் (மக்கிய செடிப்பொருள் நிறைந்த மண்) இருக்கிறது.

நைட்ரஜன், பொட்டாசியம் சதவீதக் கணக்கு, மில்லின் இரும்பு கொஞ்சம் உதிர்ந்தாலும் தெரியாது. செம்பு, துத்தநாகம், போரான் எல்லாம் பத்து லட்சத்தில் சில பங்கு, அங்கே உதிர்வதே ரீடிங் ஆகிவிடும். கரிமண்ணில் செம்பனைக்குச் செம்புக் குறை வருவது தெரிந்த விஷயம், நடு மட்டைகள் வெளிறும். அந்த ஓலையைப் பித்தளைச் சல்லடையில் சலித்தால் என்ன ஆகும்? பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும். மரம் தோட்டத்தில் வெளிறி நிற்கும், தாளில் செம்பு போதும் என்று இருக்கும். ஒரு தோட்டத்தில் இரண்டு வருடம் இப்படி ஓடியதைப் பார்த்திருக்கிறேன், காரணம் கண்டுபிடித்தபோது சல்லடையின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. இந்தச் சாம்பிளுக்கு நைலான் சல்லடை வையுங்கள். இரும்பு, குரோமியம் பார்ப்பதானால் எஃகு மில் வேண்டாம், அகேட் கல்வமோ சிர்கோனியா உருண்டையோ. டங்ஸ்டன் கார்பைடு உருண்டையில் கோபால்ட் வரும். போரான் பார்ப்பதானால் வழக்கமான லேப் கண்ணாடிப் பாத்திரத்தில் அமிலம் காய்ச்சாதீர்கள், அந்தக் கண்ணாடியிலேயே போரான் இருக்கிறது, பிளாஸ்டிக்கிலோ சிலிக்கா மூசையிலோ செய்யுங்கள்.

மண்ணை எவ்வளவு உடைப்பது என்றும் யாராவது கேட்பார்கள். காற்றில் உலர்த்தி, கட்டியை மட்டும் மரக்கட்டையால் உருட்டி உடைத்து 2 மில்லிமீட்டரில் சலித்தால் பிஎச்சுக்கும் உரச்சத்துக்கும் போதும். கல்லை உடைக்கக் கூடாது. கல்லுக்குள் பூட்டியிருக்கும் சத்தை வேர் எடுக்காது, உடைத்தால் நம் அமிலம் எடுத்துவிடும். மொத்தக் கார்பன் பார்க்க மட்டும் அதிலிருந்து ஒரு பங்கை மாவாக அரையுங்கள். கடலோரத்து அமிலச் சல்பேட் மண்ணென்றால் வெளியில் பரப்பி நாட்கணக்கில் காயவைக்கவே கூடாது, அதிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றுப் பட்டு அமிலமாகிவிடும். உறைய வையுங்கள் அல்லது 80, 85 டிகிரியில் காற்றோட்டமுள்ள ஓவனில் வேகமாக உலர்த்துங்கள்.

---

சாய்ந்தகோபுரம் எழுதியது:

அக்கா, அண்ணா, சார், எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

திப்பியைக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தோம், அக்கா. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் அப்படியே. ஒரு சாம்பிளின் திப்பியைத் தனியாக எடை போட்டேன், கையில் வைத்தால் காற்றில் பறக்கிற பஞ்சு, ஆனால் தராசில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்தது. அதைத் தனியாக அரைத்து நைட்ரஜன் பார்த்தேன், தூளில் இருப்பதில் பாதிகூட இல்லை. அன்று மத்தியானம் சாப்பிடவே தோன்றவில்லை, மூன்று வருடமாக எத்தனை பிளாக்குக்கு நான் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பழைய பாட்டில்கள் அலமாரியில் இருந்தாலும் அவற்றில் திப்பி இல்லையே, அதனால் இந்த வருடம் எடுத்து மிச்சம் வைத்திருந்த முழு ஓலைகளிலிருந்து மறுபடி அரைக்க அனுமதி கொடுத்தார். அதே பழைய பிளாக்கில் புதுத் தூளை அரை மில்லிமீட்டரில் இறக்கி, தாளில் புரட்டி, ஐந்து முறை எடுத்தேன். 2.42, 2.44, 2.41, 2.43, 2.42. இரண்டரைக்குக் கீழேதான் நிற்கிறது. முந்தைய 2.61-ஐ நம்பியிருந்தால் அந்தப் பிளாக்குக்கு உரம் குறைந்திருக்கும்.

கருகல் வாசம் போய்விட்டது. காலையில் லேப்பில் நுழைந்ததும் ஓலையைக் காதோரம் ஒடித்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

நூலிழை அக்கா, பழுப்பு டிஎன்ஏயைப் பத்து மடங்கு நீர்த்ததில் ஆறில் இரண்டுக்குப் பட்டை வந்தது, மங்கல்தான், ஆனால் சரியான இடத்தில். மற்றவைக்குக் காளான் குடையிலிருந்து வளர்க்க ஆரம்பித்திருக்கிறேன், வட்டில் வெள்ளையாகப் பரவுகிறது. நைட்ரஜனைக் காரில் கொண்டு வரும் யோசனையை விட்டுவிட்டேன்.

களிமண் அண்ணா, எங்கள் சல்லடை பித்தளை. ஓரம் பளபளவென்றுதான் இருக்கிறது. அடுத்த வாரம் கரிமண் பிளாக்கில் ஓலை எடுக்கப் போகிறோம், செம்பு பார்க்க வேண்டிய பிளாக்குகள். நைலான் சல்லடை வாங்க எழுதிக் கொடுத்திருக்கிறேன், வர ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள்.

---

லங்காப் அக்கா எழுதியது:

ஆறு வாரம் காத்திருக்காதே. என்னிடம் நைலான் வலை போட்ட சல்லடை ஒன்று இருக்கிறது, வேலையில் இருந்தபோது சொந்தக் காசில் வாங்கியது, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், தனிச் செய்தியில் வீட்டு வழி அனுப்புகிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ. வரும்போது அந்தத் திப்பியில் ஒரு கைப்பிடி கொண்டு வா, உங்கள் மில் கத்தி மழுங்கியிருக்கிறதா என்று நாரின் நுனியைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.